லால்பாக் ஆர்க்கிட் கண்காட்சிக்கு முதல்முறை போகிறேன்: எதைப் பார்ப்பது, எதை வாங்குவது?

ஹொரமாவு பால்கனி

வணக்கம். வருகிற வாரக்கடைசியில் பெங்களூரு லால்பாக் தோட்டத்தில் நடக்கும் ஆர்க்கிட் கண்காட்சிக்குப் போகலாம் என்றிருக்கிறேன். ஆகஸ்ட் 15-ஐயும் ஜனவரி 26-ஐயும் ஒட்டி நடக்கும் மலர்க் கண்காட்சிக்குப் போன பழக்கம் உண்டு. அங்கே பூக்களைவிட மனிதர்களின் முதுகுகளைத்தான் அதிகம் பார்த்தேன். ஆர்க்கிட்டுக்கென்றே நடக்கும் கண்காட்சிக்கு இதுதான் முதல்முறை.

வீட்டு நிலவரம் இதுதான்: மூன்றாவது மாடி, கிழக்குப் பார்த்த பால்கனி, காலை பத்து மணி வரை வெயில். தண்ணீர் போர்வெல். செம்பருத்தி, துளசி, கறிவேப்பிலை, முரண்டு பிடிக்கும் ஒரு ரோஜா ஆகியவை இருக்கின்றன. ஆர்க்கிட் என்றால் அலுவலக வரவேற்பறை மேசையில் இருக்கும் வெள்ளைப் பூவைத் தவிர வேறெதுவும் எனக்குத் தெரியாது. கும்பகோணத்திலிருந்து வந்திருக்கும் மாமியாரும் உடன் வருகிறார். அவருக்கு முழங்கால் வலி, அதிக நேரம் நிற்க முடியாது.

எந்த நேரத்தில் போனால் நிதானமாகப் பார்க்கலாம்? அங்கே எதைக் கவனிக்க வேண்டும்? ஒரே ஒரு செடி வாங்குவதென்றால் எதை வாங்கலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சர்ஜாபுரம் அப்பா

சனிக்கிழமை காலை, திறந்தவுடன் போய்விடுங்கள். ஞாயிறு மதியம் என்றால் லால்பாக் முழுக்கக் குடும்பம் குடும்பமாகக் கூட்டம், கார் நிறுத்த இடம் தேடியே பாதி உற்சாகம் போய்விடும். மெட்ரோவில் பச்சை வழித்தடத்தில் லால்பாக் நிலையத்தில் இறங்கினால் மேற்கு வாசல் பக்கத்திலேயே இருக்கிறது. தோட்டம் 240 ஏக்கர், அம்மாவை நடக்க வைக்காதீர்கள். பேட்டரி வண்டி கிடைத்தால் ஏற்றிவிடுங்கள்.

வாங்குவதற்கு ஃபெலனாப்சிஸ்தான் சரி. நீங்கள் சொல்லும் அதே வெள்ளைப் பூதான். ஊதா, மஞ்சள், புள்ளி போட்டது என எல்லாம் கிடைக்கும். பூ இரண்டு மாதத்துக்கு மேல் நிற்கும். எங்கள் வீட்டில் உணவு மேசை ஓரமாக வைத்திருக்கிறோம், அருமையாக இருக்கிறது. அட்டைப்பெட்டி ஒன்று கையோடு கொண்டுபோங்கள். ஆட்டோவில் திரும்பும்போது பூங்காம்பு முறியாமல் இருக்கும்.

அல்சூர்ப் பெரியவர்

சர்ஜாபுரம் தம்பியின் நேரக் கணக்கு சரி, செடிக் கணக்கில்தான் எனக்கு உடன்பாடில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அம்மா, கண்காட்சி என்றதும் கண்ணாடி மாளிகையை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். 1889-இல் அடிக்கல் நாட்டிய அந்த மாளிகையில் நடப்பது தோட்டக்கலைத் துறையின் திருவிழா. பூக்களைக் குவித்துக் கோபுரம் கட்டுவார்கள், ஜனங்கள் படம் எடுப்பார்கள். ஆர்க்கிட் கண்காட்சி ஒரு கூடத்துக்குள் அடங்கிவிடும். மேசை, மேசைமேல் தொட்டி, தொட்டியில் ஓர் அட்டை. இவ்வளவுதானா என்று முதலில் தோன்றும். ஆனால் காட்சிக்கு வைத்திருக்கும் செடிகளில் பல இந்த ஊர்க்காரர்கள் வீட்டில் வளர்த்தவை. நம் வீட்டுக் குழாயில் வரும் அதே உப்புத் தண்ணீரையும் மார்ச் மாத வறட்டுக் காற்றையும் தாக்குப்பிடித்து எங்கோ ஒரு மொட்டைமாடியில் பூத்தவை. கடையில் பூத்து நிற்கும் செடி உங்களுக்கு எதையும் நிரூபிக்காது. அதைப் பூக்க வைத்தது யாரோ ஒருவருடைய பசுமைக்குடில்.

ஆகவே காட்சி மேசைகளை முதலில் பாருங்கள், விற்பனை மேசைகளுக்குப் பிறகு போகலாம். பெரும்பாலோர் இதை மாற்றித்தான் செய்கிறார்கள். வாசலில் நுழைந்ததும் வாங்கி முடித்து, இரண்டு கையிலும் பையோடு வந்து மற்றவர் செடியை இடிக்கிறார்கள். கேட்லியா என்ற ஆர்க்கிட்டின் மொட்டு ஒன்று இப்படி ஒருவர் தோள்பையில் பட்டு உதிர்வதைப் பார்த்தேன். வளர்த்தவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். பாவம், அவர் வாயே திறக்கவில்லை.

பூவைப் பார்த்து முடித்ததும் கொஞ்சம் குனிந்து வேரைப் பாருங்கள். வாண்டா என்ற வகை ஆர்க்கிட்டை மரச்சட்டத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். மண் கிடையாது, பல சமயம் கரித்துண்டுகூட இருக்காது. முழ நீளத்துக்கு வேர்கள் வெட்டவெளியில் தொங்கும். காய்ந்திருக்கும்போது அவை சாம்பல் கலந்த வெள்ளி நிறம். தண்ணீர் தெளித்தால் நம் கண் முன்னாலேயே, பட்ட இடத்தில் மட்டும், பச்சை படரும். வேரைப் போர்த்தியிருக்கும் உறைக்கு வெலாமென் என்று பெயர். இறந்த செல்களின் அடுக்கு அது. காய்ந்தால் காற்று நிறைந்து வெளுப்பாகத் தெரியும், நனைந்தால் பஞ்சு போல நீரை இழுத்துக்கொள்ளும், அப்போது உள்ளே இருக்கும் பச்சையம் வெளியே தெரியும். செடிக்குத் தண்ணீர் போதுமா என்று வேரே சொல்லிவிடுகிறது, விரலால் மண்ணைக் குத்திப் பார்க்கும் வேலை இல்லை. நுனியில் மட்டும் அந்த உறை இன்னும் மூடாமல் பளபளவென்று பச்சையாகவோ செம்பழுப்பாகவோ இருந்தால் வேர் வளர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். வாங்கும் செடியில் நீங்கள் தேட வேண்டியது அந்த நுனியைத்தான். எத்தனை பூ என்று எண்ணுவது கல்யாண மண்டப அலங்காரம் செய்பவருக்குப் பொருந்தும்.

அடுத்தது கேள்வி கேட்பது. செடிக்குப் பக்கத்தில் நிற்பவரிடம் தயங்காமல் கேளுங்கள். கன்னடத்தில் கேட்டால் கன்னடத்தில் சொல்வார், தமிழில் கேட்டாலும் பாதிப் பேர் தமிழிலேயே பதில் சொல்வார்கள், நம் ஊர் அப்படி. எந்தப் பக்கத்து வெயில், என்ன தண்ணீர், தொட்டியில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். ஆர்க்கிட் வளர்ப்பவன் மருமகனைப் பற்றிப் பேசுவதைவிட தொட்டிக் கலவையைப் பற்றி உற்சாகமாகப் பேசுவான். விற்பவரிடம் கேட்க வேண்டியது வேறு: இந்தச் செடி எங்கே வளர்ந்தது? கேரளத்தின் ஈரக்காற்றில் வளர்ந்து நேற்று லாரியில் வந்த செடி நம் ஊர்க் காற்றுக்குப் பழக மாதங்கள் ஆகும். இங்கேயே ஒரு கோடையைக் கழித்த செடி என்றால் நூறு ரூபாய் கூடக் கொடுக்கலாம்.

இனி ஃபெலனாப்சிஸ். அது இங்கே வளராது என்று சொல்லமாட்டேன். சில வாரங்கள் இரவு 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால் பூங்காம்பு விடும் செடி அது. நம் ஊர் நவம்பரும் டிசம்பரும் அதைச் செலவில்லாமல் கொடுத்துவிடுகின்றன. சிக்கல் தொட்டியில் இருக்கிறது. கடைக்கு வரும்போது வேரைச் சுற்றி ஸ்பேக்னம் பாசியை இறுக அடைத்திருப்பார்கள். மேலே தொட்டால் காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் தேங்கியிருக்கும். செம்பருத்திக்கு ஊற்றிப் பழகிய கை இதற்கும் தினமும் ஊற்றும். நடுக்குருத்தில் நீர் தங்கினால் குருத்து அழுகும். ஒற்றைத் தண்டாக மேல்நோக்கி வளரும் செடிக்குக் குருத்து போனால் பெரும்பாலும் எல்லாம் போயிற்று.

டென்ட்ரோபியம் அப்படியல்ல. பக்கவாட்டில் தண்டு தண்டாகப் பெருகும். ஒரு தண்டு அழுகினாலும் இன்னொன்று அடியிலிருந்து கிளம்பும். சதைப்பற்றான தண்டில் நீரைச் சேமித்து வைத்துக்கொள்ளும், நீங்கள் ஊருக்குப் போய் மூன்று நாள் கழித்து வந்தாலும் கோபித்துக்கொள்ளாது. காலை வெயில் விழும் கிழக்குப் பால்கனி அதற்குப் பிடித்தமான இடம். முதல் செடி டென்ட்ரோபியம் கலப்பினம். அதற்கு மனம் ஒப்பவில்லை என்றால் ஆன்சிடியம், மஞ்சள் பாவாடை கட்டிய சின்னப் பூக்கள் கொத்தாக ஆடும். சிம்பிடியத்தின் பக்கம் போகாதீர்கள். பார்க்க ராஜாதான், ஆனால் அதற்குச் சிக்கிம், ஊட்டி போல இரவில் நன்றாகக் குளிர வேண்டும்.

மோந்தும் பாருங்கள், மூக்கு பூவில் படாமல். எல்லாம் மணக்காது. பிராசவோலா நோடோசா என்ற வெள்ளைப் பூ இரவில்தான் மணக்கும், நண்பகலில் அதன்மேல் குனிந்து நிற்பவர்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். பல்போஃபில்லம் என்று அட்டையில் கண்டால் மாமியாரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள். அந்தப் பேரினத்தில் சில, ஈயை வரவழைக்க அழுகிய இறைச்சி நாற்றம் விடும்.

தாவரவியல் மாணவி

ஐயா விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்.

அக்கா, அட்டையைப் படிக்கத் தெரிந்துகொண்டால் கண்காட்சி இரண்டு மடங்கு சுவையாகிவிடும். முதல் சொல் பேரினம். இரண்டாவது சொல் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தொடங்கினால் அது காட்டில் இயற்கையாக இருக்கும் இனம், பெரிய எழுத்தில் தொடங்கினால் மனிதர் உருவாக்கிய கலப்பினம். அதன் பிறகு ஒற்றை மேற்கோளுக்குள் ஒரு பெயர் இருந்தால், அந்தக் கலப்பில் பிறந்த பல செடிகளில் குறிப்பிட்ட ஒன்றையும் அதன் நகல்களையும் மட்டும் குறிக்கிறது. கலப்பினப் பெயர்களை லண்டனில் உள்ள ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி பதிவு செய்கிறது. இரண்டு அட்டைகளில் ஒரே செடிக்கு இரண்டு பெயர் இருந்தாலும் குழம்ப வேண்டாம். சிங்கப்பூரின் தேசிய மலரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்னஸ் ஜோக்கிம் வளர்த்த அந்தக் கலப்பினம் 1893-இல் அறிவிக்கப்பட்டது, 1981-இல் தேசிய மலரானது. வாண்டா மிஸ் ஜோக்கிம் என்று உலகமே அழைத்த அதை இப்போது பாபிலியோனாந்தி என்ற பேரினத்தில் வைத்திருக்கிறார்கள். பழைய வளர்ப்பாளர்கள் பழைய பெயரையே எழுதுவார்கள்.

பூவில் பார்க்க வேண்டியது ஒன்று. மூன்று புறவிதழ், மூன்று அகவிதழ் என்பது அடிப்படை. அகவிதழில் ஒன்று மட்டும் உருமாறி உதடாக நீண்டிருக்கும், பூச்சி வந்து இறங்கும் மேடை அது. நடுவே மூக்குப் போல நீட்டிக்கொண்டிருப்பதில் மகரந்தமும் சூல்முடியும் ஒரே தூணாக ஒட்டியிருக்கும். மொட்டாக இருக்கும்போது பெரும்பாலான ஆர்க்கிட்களில் உதடு மேல்பக்கம் இருக்கும். மலரும் முன் காம்பு அரைச்சுற்று முறுக்கி உதட்டைக் கீழே கொண்டுவருகிறது. ஒரே கொத்தில் மொட்டும் பூவும் சேர்ந்திருந்தால் காம்புகளை வரிசையாகப் பாருங்கள், அந்த முறுக்கு அப்பட்டமாகத் தெரியும். நான் ஆய்வகத்தில் வெட்டிப் பார்த்துப் புரியாததை ஒரு கண்காட்சி மேசையில் புரிந்துகொண்டேன்.

விற்பனைப் பக்கம் கண்ணாடிக் குடுவையில் தளிர்கள் வைத்திருப்பார்கள், விலையும் மலிவாகத் தெரியும். வேண்டாம். ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும், முளைக்கத் தேவையான உணவுச் சேமிப்பு அதில் கிடையாது. காட்டில் ஒரு பூஞ்சை அதற்கு ஊட்டுகிறது. சர்க்கரை கலந்த வளர்ப்பு ஊடகத்தில் பூஞ்சை இல்லாமலே முளைக்க வைக்கலாம் என்று லூயிஸ் நட்சன் 1922-இல் காட்டிய பிறகுதான் இந்தக் குடுவை வழி வந்தது. குடுவையிலிருந்து எடுத்த தளிர் வெளிக்காற்றில் பிழைப்பதே பெரும்பாடு. பிழைத்தாலும் பூக்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பூக்கும் பருவத்துச் செடியா என்று கேட்டே வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று, இதில் நான் கறார். பெயர் அட்டை இல்லாமல், வேர் அறுந்து, இலையில் பாசியும் பூச்சிக்கடியுமாக ஒரு கட்டு செடியை யாராவது விற்றால் அது காட்டிலிருந்து பிடுங்கியதாக இருக்கலாம். நீல வாண்டா, சிவப்பு வாண்டா, செருப்பு வடிவப் பூவுள்ள பாஃபியோபெடிலம் இனங்கள் ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட தாவரங்கள். பாஃபியோபெடிலம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலிலும் இருக்கிறது. விலை குறைவு என்று கை நீட்டாதீர்கள்.

சர்ஜாபுரம் அப்பா

பெரியவரே, எங்கள் ஃபெலனாப்சிஸ் இரண்டாவது முறையும் பூத்துவிட்டது. தண்ணீர் ஊற்றுவது என் மகள், வாரத்துக்கு ஒரு முறை. குருத்தும் அழுகவில்லை.

அல்சூர்ப் பெரியவர்

மகளுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள் தம்பி. வாரத்துக்கு ஒரு முறை என்று நிறுத்திக்கொள்ளும் கை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. பாசியை எடுத்துவிட்டு மரப்பட்டைத் துண்டுக்கு மாற்றிவிட்டால் இன்னும் நல்லது. பூ உதிர்ந்த பிறகு மாற்றுங்கள்.

ஹொரமாவு பால்கனி

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை காலை என்று முடிவு செய்துவிட்டோம்.

இதையெல்லாம் மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன். வேர் வெள்ளியாகத் தொங்கும் என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். அவர் பிறந்த ஊரில் வீட்டுக் கொல்லை மாமரத்தில் அப்படி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்ததாம். மஞ்சளும் பழுப்புமாகக் கட்டம் போட்ட பூ, நடுவில் ஊதா. மரத்தை உறிஞ்சிவிடும் என்று தாத்தா அறுத்து எறிவாராம், அது மறுபடி முளைக்குமாம். அது ஆர்க்கிட்தானா?

இன்னொரு சந்தேகம். போர்வெல் தண்ணீர் உப்பு என்று பெரியவர் எழுதியிருக்கிறார். ஆர்ஓ எந்திரத்தில் கழிவாக வெளியேறும் தண்ணீரை வாளியில் பிடித்துச் செடிகளுக்கு ஊற்றுகிறேன். அதையே ஆர்க்கிட்டுக்கும் ஊற்றலாமா?

தாவரவியல் மாணவி

வர்ணனையைப் பார்த்தால் வாண்டா டெசெல்லாட்டா. தமிழ்நாட்டுச் சமவெளியில் மா, புளி போன்ற மரங்களில் இன்றும் இருக்கிறது. தாத்தா பயந்ததுபோல அது ஒட்டுண்ணி அல்ல. மரத்தில் உட்காருவதற்கு இடம் மட்டும் வாங்கிக்கொள்கிறது. சாப்பாடு வெயிலிலிருந்து, தண்ணீர் மழையிலிருந்து. புல்லுருவி வேறு, அது உண்மையிலேயே மரத்துக்குள் துளைத்து உறிஞ்சும். இரண்டையும் ஒன்றாக நினைத்து அறுப்பது பல ஊர்களில் நடக்கிறது. அம்மாவுக்கு ஊர்ப்பக்கம் போக வாய்த்தால் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் அளவைத் துறையின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது, காட்டுங்கள்.

அல்சூர்ப் பெரியவர்

ஆர்ஓ கழிவு நீரை ஆர்க்கிட் பக்கமே கொண்டுபோகாதீர்கள் அம்மா. எந்திரம் உப்பைப் பிரித்து அந்தத் தண்ணீரில்தான் தள்ளுகிறது. போர்வெல்லில் இருந்ததைவிட அதில் உப்பு அதிகம். அந்த வெலாமென் உறையில் உப்புப் படிந்தால் வேர் நுனி கருகும், நீங்கள் உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் உப்பைப் போடுவீர்கள். உங்கள் ரோஜா முரண்டு பிடிப்பதற்கும் அந்த வாளிதான் காரணமோ என்னவோ. அதை வைத்துத் தரை துடையுங்கள்.

ஆர்க்கிட்டுக்கு மழைநீர் முதல் தரம். மாடியில் தொட்டி இருந்தால் குடியிருப்புச் சங்கத்தாரிடம் ஒரு குடம் கேளுங்கள். இல்லாவிட்டால் ஆர்ஓவின் நல்ல தண்ணீர். ஒரே ஒரு செடிக்கு ஒரு குவளை, அதனால் வீடு முழுகிவிடாது. காலையில் ஊற்றுங்கள், மாலைக்குள் இலை இடுக்கு காய்ந்துவிட வேண்டும். பத்தொன்பது பத்தொன்பது என்று கடையில் கேட்டால் கொடுக்கும் உரத்தைப் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் கால்வாசி கரைத்து, வாரத்துக்கு ஒரு முறை தெளித்தால் போதும். வாங்கி வந்த செடியை முதல் மாதம் மற்றச் செடிகளிலிருந்து தள்ளி வையுங்கள், உங்கள் செம்பருத்தியின் மாவுப்பூச்சி அதற்குப் போக வேண்டாம். செம்பருத்தியை வெட்டிய கத்தரியால் ஆர்க்கிட்டை வெட்டவும் வேண்டாம், ஒரு ஆர்க்கிட்டை வெட்டிய கத்தரியால் இன்னொன்றையும்தான். கத்தரி வழியாக வைரஸ் பரவும், அதற்கு மருந்து கிடையாது. அடுப்புத் தீயில் காட்டி ஆறவைத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை நானும் வருவேன். விற்பனைப் பக்கம் இடது கோடியில் யாரிடமாவது விலை பேசிக்கொண்டிருக்கும் கிழவர் தென்பட்டால் கூப்பிடுங்கள், செடியைத் தேர்ந்து தருகிறேன். மாமியாருக்கு ஒரு மடக்கு நாற்காலி கொண்டு வாருங்கள். காலைச் சிற்றுண்டியை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். மாவள்ளி டிபன் ரூம் பக்கத்தில்தான் இருக்கிறது என்று யாராவது ஆசை காட்டுவார்கள், சனிக்கிழமை காலை அங்கே வரிசையில் நின்றால் கண்காட்சியில் நல்ல டென்ட்ரோபியம் எல்லாம் விற்றுப்போயிருக்கும்.